கட்டு உலர்ந்திருந்தது

எங்கள் ஆயுர்வேத மருத்துவமனையின் புண் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் காலிலிருந்து அவிழ்த்த பழைய கட்டை நேராக வாளியில் போடமாட்டோம். ஒரு வெள்ளை எனாமல் தட்டில், அவிழ்த்த வரிசை மாறாமல், உள்பக்கம் மேலே தெரியும்படி வைப்போம். மருத்துவர் வந்து அதைப் பார்த்த பிறகே அது குப்பைக்குப் போகும். இதைத் தொடங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் மருத்துவராகச் சேர்ந்தபோதே இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்றும் இருந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் சென்ற வாரம் கரமனையில் என் வீட்டுக்கு வந்தபோது, அந்தத் தட்டு இடத்தை அடைக்கிறது என்று எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கஷாயத்தால் கழுவுவது, எந்த நெய்யை எப்போது வைப்பது என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சேஷன் அண்ணாவுக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். எங்கள் அக்ரகாரப் பகுதியிலேயே, ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சிறிய கோயிலில் மடைப்பள்ளிச் சமையல். இடது கணுக்காலுக்கு உள்பக்கம், சற்று மேலே, ஆறாத புண். நாளெல்லாம் அடுப்பின் முன் நிற்கிறவர். காலில் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டிருந்தன. இந்த மாதிரிப் புண் ஏன் வருகிறது, ஏன் சீக்கிரம் ஆறாது என்பது உங்களுக்குத் தெரியும். மருந்தோடு, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமான கட்டும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை.

மூன்று நாளைக்கு ஒரு முறை வருவார். கரமனையில் பஸ் ஏறி, பழவங்காடியில் இறங்கி, கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். நெற்றியில் சந்தனம், கையில் தேங்காய்ச் சில்லு. அதில் ஒன்றை என்னுடன் வேலை பார்த்த இளம் மருத்துவர் ஆதிராவின் மேஜையில் வைப்பார். "கணபதிக்குப் பாதி, டாக்டருக்குப் பாதி. பின்னே புண்ணு ஆறாம எங்க போகும்?" என்பார்.

புண் ஆறவில்லை. முதல் சில வாரங்கள் ஆழம் குறைந்ததுபோல் இருந்தது. பிறகு நின்றுவிட்டது. ஓரங்கள் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனியைப்போல் சுருங்கிக் கிடந்தன. நாங்கள் மருந்தை மாற்றினோம். நெய்யை விட்டு எண்ணெய்க்குப் போனோம், மறுபடி வேறு நெய்க்கு வந்தோம். கழுவும் கஷாயத்தை மாற்றினோம். உள்ளுக்குக் கொடுப்பதை மாற்றினோம். சர்க்கரை இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டோம். புண்ணின் ஓரத்தில் தடிப்போ வேறு வளர்ச்சியோ இல்லை என்பதையும் சதை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்துகொண்டோம். ஆதிராவுக்குப் பொறுமை போய்விட்டது. அவள் பேசியது மலையாளம், தமிழில் எழுதுகிறேன். "இன்னும் காரமான மருந்து எதையாவது வைத்துப் பார்க்கலாம் சேச்சி. இவருக்கு இந்த மருந்துகள் பிடிக்கவில்லை" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் தட்டின் முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றேன்.

மூன்று நாள் ஒழுகும் புண்ணின் மேல் இருந்த கட்டு எப்படி இருக்க வேண்டும்? உள்ளடுக்கில் நெய் உருகிப் பரவி, மஞ்சளும் பச்சையும் கலந்த கறை இருக்க வேண்டும். அந்தக் கறையைச் சுற்றிப் பழுப்பாக நீர் ஊறிய வளையம் இருக்க வேண்டும். கறை அடுக்கடுக்காகச் சிறுத்துக்கொண்டே வெளிப்பக்கம் வர வேண்டும். தட்டில் இருந்த கட்டு அப்படி இல்லை. உள்ளே வைத்த துணியில் நாங்கள் தடவிய நெய், கரண்டியின் தடம் பாதிக்குமேல் கலையாமல் இருந்தது. நீளக் கட்டுத்துணி உலர்ந்திருந்தது. அதில் வரிவரியாக மடிப்புத் தடங்கள். நாங்கள் கட்டுத்துணியைச் சுருட்டித்தான் வைப்போம், மடிப்பதில்லை. இதை யாரோ வேட்டியை மடிப்பதுபோல் நான்காக மடித்து வைத்திருந்தார்கள்.

புண் நனைந்திருக்கிறது, கட்டு உலர்ந்திருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரு நாள்கூட முழுதாக ஒன்றாக இருந்ததில்லை.

ஆதிராவுக்குக் காட்டினேன். அவள் உடனே அவரிடம் கேட்கப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டை அவிழ்க்கும் நோயாளியிடம் "கட்டை அவிழ்த்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்த ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற அவர் இன்னும் பல சொல்ல வேண்டியிருக்கும். ஏன் அவிழ்க்கிறார் என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

ஏன் என்பது மறுநாள் காலையே தெரிந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் நான் ஆற்றுப் பக்கமாக நடக்கப் போவது வழக்கம். படித்துறையில் சேஷன் அண்ணா உட்கார்ந்திருந்தார். காலிலிருந்து கட்டை அவிழ்த்தார். உள்துணியையும் கட்டுத்துணியையும் மடித்து, மேல்படியில் ஒரு காய்ந்த வாழை இலையின் மேல் வைத்தார். பிறகு இறங்கி மூன்று முறை முங்கினார். ஈர வேட்டியோடு, திறந்த புண்ணோடு, கோயிலைப் பார்த்து நடந்தார்.

நான் வளர்ந்ததும் இதே தெருக்களில்தான். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மடைப்பள்ளிக்குள் முங்கிக் குளித்த ஈரத்தோடுதான் போக வேண்டும். உலர்ந்த துணி, அதுவும் பலர் கை பட்ட, சீழ் பட்ட துணி, விழுப்பு. அது பட்டால் மடி, அந்த ஆசாரச் சுத்தம், கெட்டுவிடும். அவர் எங்கள் மருந்தை அலட்சியம் செய்யவில்லை. இரண்டு ஒழுங்குகளுக்கு நடுவில், தனக்குப் பெரிதாகப் பட்டதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது எதையும் குறிப்பிடாமல் கேட்டேன். "அண்ணா, காலம்பற எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் இந்தக் கால் என்னென்ன பண்றது, ஒண்ணுவிடாம சொல்லுங்கோ."

சொன்னார். அடுப்பு மூட்டுவது, அரிசி களைவது, உச்ச பூஜை முடிந்து வீட்டுக்குப் போவது, மத்தியானம் காலை நீட்டிப் படுப்பது எல்லாம் சொன்னார்.

"குளிக்கறது?"

என்னைப் பார்த்தார். "பாத்தேளா?"

"பாத்தேன்."

"டாக்டருக்குப் போலீஸ் வேலையும் உண்டோ?" என்றார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. பிறகு தானாகவே தொடர்ந்தார். "கட்டோட எப்படி உள்ள போறது, சொல்லுங்கோ. கார்த்தால அவிழ்ப்பேன். மத்தியானம் வீட்டுல புண்ணைக் காத்தாட விடுவேன். காஞ்சா நல்லதுதானே? இங்க வர அன்னிக்கு மறுபடி சுத்திண்டு வருவேன். நீங்க கட்டினது வீணாப் போப்படாதுன்னு மடிச்சுத்தான் வெச்சேன்."

"கோயில்ல யாருக்கும் தெரியாதா?"

"ஏதோ சின்னக் காயம்னு தெரியும். ஒழுகறதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய நிறுத்திடுவா. எங்கப்பா நின்ன அடுப்பு அது. ஒருதரம் வேற ஆள் வந்து நின்னுட்டா, பின்னே எனக்கு அங்க என்ன இருக்கு? எனக்கு வேற ஜோலி தெரியாது."

அவர் மறைத்ததற்கு அதுதான் காரணம். கால் அவருக்கு இரண்டாவது. அடுப்பின் முன்னால் இருக்கும் அந்த இடம்தான் முதல்.

நான் சொன்னேன். "புண் ஒழுகற வரைக்கும் நீங்க மடைப்பள்ளிக்குள்ள போகக்கூடாது அண்ணா. உங்க காலுக்காக மட்டும் சொல்லலை. அந்தப் பிரசாதத்தை வாங்கிச் சாப்பிடறவாளுக்காகவும் சொல்றேன்."

"சமைக்கறது கை. கால் இல்லை."

"கால் அரிச்சா சொறியறது எது?"

நான் தொடர்ந்தேன். "மேல்சாந்திகிட்ட நீங்களே சொல்லுங்கோ. நான் போய்ச் சொல்லமாட்டேன். ஆனா அடுத்த தடவை வரும்போது, சொல்லியாச்சுன்னு வரணும்."

எழுந்து போனார். ஆதிராவின் மேஜையில் அன்று தேங்காய்ச் சில்லு இல்லை.

அடுத்த முறை வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. ஆதிரா கோபமாக இருந்தாள். "அவரை விரட்டிவிட்டோம். ஊர் சாப்பிடும் சாப்பாடு அது. கோயிலுக்கு நாமே சொல்ல வேண்டாமா?" என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை. நோயாளி நம்மை நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவது ஒரு கடமை. யாரென்றே தெரியாத பத்துப் பேரின் வயிற்றைக் காப்பாற்றுவது இன்னொரு கடமை. இப்படி இரண்டு எதிரெதிரே வந்து நிற்கும்போது, எது பெரியது என்று உட்கார்ந்து யோசிப்பதைவிட, இரண்டையும் காப்பாற்றும் வழி எதுவாவது மிச்சமிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒன்று மிச்சமிருந்தது. அவர் வீட்டுக்குப் போய், மனைவியின் முன்னால் மறுபடி பேசுவது. அதற்கும் அவர் அசையவில்லை என்றால், அவரிடமே சொல்லிவிட்டு, கோயிலின் தலைமை அர்ச்சகரான மேல்சாந்தியைப் பார்ப்பது. அன்று மாலை போவதாக ஆதிராவிடம் சொன்னேன்.

போக வேண்டியிருக்கவில்லை. அன்று காலை பதினோரு மணிக்கே அவர் மனைவி ராஜம் மாமி ஆட்டோவில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்.

உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. கொதிக்கும் காய்ச்சல். புண்ணைச் சுற்றி மட்டுமில்லை, ஆடுதசை முழுவதும் சிவந்து, பளபளவென்று வீங்கி, சிவப்பு முழங்காலை நெருங்கியிருந்தது. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். கோயிலில் கொடியேற்றம் மறுநாள்.

"ஒரு கஷாயம் குடுங்கோ டாக்டர். ஜுரம் எறங்கினா மதி, அது போறும். நாளைக்குக் கொடியேத்தம். அது முடியட்டும், நீங்க சொன்னபடி கேக்கறேன்" என்றார்.

ஆதிரா உள்ளே படுக்கை ஏற்பாடு செய்யத் தொடங்கினாள். இங்கேயே சேர்த்துக்கொண்டு, நம் மருந்துகளால் காய்ச்சலை இறக்கிவிடலாம் என்பது அவள் எண்ணம். இத்தனை வாரம் நம்மிடம் இருந்த நோயாளியை நாமே மீட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் நாடி ஓடிய வேகத்தையும் அவர் பேச்சு இடையிடையே குழறியதையும் பார்த்த பிறகு, அந்த ஆசைக்கு அங்கே இடமில்லை. ஆறாத புண்ணோடு நாம் மாதக்கணக்கில் பொறுமையாக இருக்கலாம். ரத்தத்தில் விஷம் ஏறிக்கொண்டிருக்கும் காலோடு ஒரு மணி நேரம்கூடப் பொறுமையாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு பொறுமைகளையும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள்.

பேனாவை எடுத்து, சிவப்பின் ஓரத்தில் தோலின் மேலேயே கோடு போட்டு, நேரத்தை எழுதினேன். அடுத்துப் பார்க்கிறவருக்கு அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். "மெடிக்கல் காலேஜுக்குப் போறோம். நானும் வரேன்" என்றேன்.

"மாட்டேன். அங்க அட்மிட் பண்ணிடுவா. தெரு முழுக்கத் தெரிஞ்சுடும். டாக்டர், நான் உங்களை நம்பித்தானே சொன்னேன்?"

"காலே போயிடுத்துன்னா எந்த மடைப்பள்ளிக்கு அண்ணா போவேள்?"

அவர் ராஜம் மாமியைப் பார்த்தார், ஏதாவது சொல்லித் தப்பிக்க வைப்பார் என்பதுபோல. மாமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "என்னை என்ன பாக்கறேள்? பகவானுக்குப் பசிச்சா அவர் வேற ஆளைக் கேட்டுக்கட்டும். எனக்கு வேற ஆள் கிடையாது. ஏறுங்கோ ஆட்டோல."

ஏறினார்.

அங்கே ஊசி மருந்துகள் கொடுத்தார்கள். கோடு போட்ட இடத்தைத் தாண்டி இன்னும் சற்று ஏறிய சிவப்பு, பிறகு நின்று, மெல்ல இறங்கியது. கால் தப்பியது. கொடியேற்றமும் உற்சவமும் அவர் இல்லாமல் நடந்தன. ராஜம் மாமி யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே மேல்சாந்தியிடம் போய், எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் வார்டில் இருந்த ஒரு மத்தியானம் மேல்சாந்தி வந்தார். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர்.

"ஓய் சேஷா, புண்ணோட மடைப்பள்ளி அகத்து கேறினதுக்கு உம்மை என்ன பண்ணணும்னு நான் பின்னே ஆலோசிக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வீட்டுல இருடான்னு நானே சொல்லியிருப்பேனே."

"யாரு சமைக்கறா?" என்றார் சேஷன் அண்ணா. அவருக்கு அது ஒன்றுதான் கேட்க இருந்தது.

"நான்தான். என் பாயசத்தைக் குடிச்சுட்டு ஜனங்க உம்மைத் தேடறா. உமக்கு அது போராதா?" என்றவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஆனா உம்ம இடத்தைக் காலியா வெக்கக் கமிட்டிக்காரா சம்மதிக்கலை, கேட்டேளா. மண்டல விரதம் தொடங்கற வரைக்கும்னு தவணை வாங்கியிருக்கேன். கார்த்திகை ஒண்ணாம் தேதி கூட்டம் வந்துடும், என்னால ரெண்டு வேலை பண்ண ஒக்காது. அதுக்குள்ள உம்ம கால் சுத்தமா ஆறியிருக்கணும். இல்லேன்னா திருநெல்வேலிலேர்ந்து ஒரு ஆளைக் கொண்டுவரா."

மறுபடி எங்களிடம் வந்தார். ஆதிரா, "இப்போது எந்த மருந்து வைக்கிறோம்?" என்று கேட்டாள். முதலில் வைத்த அதே நெய், முதலில் கழுவிய அதே கஷாயம் என்றேன். அவளுக்கு ஆச்சரியம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நாங்கள் நான்கு மருந்துகளை மாற்றிப் பார்த்து, நான்கும் தோற்றன என்று எழுதி வைத்திருந்தோம். உண்மையில் ஒன்றும் தோற்கவில்லை. ஒன்றுமே புண்ணின் மேல் ஒரு நாள்கூட முழுதாக இருந்ததில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று தீர்மானிக்கும் முன், அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருந்ததா என்று பாருங்கள். பாதி நேரம் அங்கேதான் விடை இருக்கும்.

இந்த முறை புண் நகர்ந்தது. மெதுவாகத்தான். அடியில் சிவந்த சதை எழும்பியது, ஓரங்கள் உள்ளே வரத் தொடங்கின. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சேஷன் அண்ணா கேட்பது ஒரே கேள்வி: "கார்த்திகைக்குள்ள மூடுமோ?" நான் ஒரு முறையும் "மூடும்" என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை அவர் பயத்தைத் தணிப்பதற்காகச் சொல்லக் கூடாது. "நன்னா போறது. தேதி சொல்ல முடியாது" என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆதிராவுக்கும் பிடிக்கவில்லை.

கார்த்திகைக்கு முந்தைய முறை வந்தபோது புண் ஒரு அரிசி அளவு திறந்திருந்தது. வலியில்லை. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இத்தனூண்டுதானே" என்றார்.

"இத்தனூண்டு. ஆனா மூடலை."

"தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது."

"தெரியாது" என்றேன். ஆதிரா என் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் முன்பே சொல்லியாகிவிட்டது. இனி அவர் என்ன செய்கிறார் என்பது அவர் கையில் இருந்தது. அவர் போன பிறகு ஆதிரா, "நாளை மறுநாள் ஆற்றில் இறங்குவார், பாருங்கள்" என்றாள்.

கார்த்திகை முதல் தேதி காலையில் நான் ஆற்றுப் பக்கம் நடக்கப் போகவில்லை. போயிருந்தால் பார்க்கத்தான் போயிருப்பேன். அது நடையாக இருந்திருக்காது. நேராக மருத்துவமனைக்குப் போனேன். பழவங்காடியில் கறுப்பு வேட்டிக் கூட்டம் அதற்குள் சேர்ந்துவிட்டிருந்தது. அந்த நேரத்தில் எல்லாக் கோயில் அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்திருக்கும்.

எங்கள் பிரிவின் வாசலில், முதல் ஆளாக, சேஷன் அண்ணா உட்கார்ந்திருந்தார். காய்ந்த வேட்டி.

"இன்னிக்கு உங்க முறை இல்லையே" என்றேன்.

"அங்க ஜோலி இல்லாதவன் இங்கயாவது வரலாமோன்னோ" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். "மேல்சாந்திகிட்ட நேத்தே சொல்லிட்டேன், இன்னும் மூடலைன்னு. திருநெல்வேலிப் பையன் வந்தாச்சு. அவன் அரவணைப் பாயசத்துக்குப் பாகு வெக்கறதைப் பாத்தேன் வெளிய நின்னு. கல்லு. நிஜமாச் சொல்றேன், சுவத்துல எறிஞ்சா சுவரு போயிடும்."

"அப்போ உங்க இடம்?"

"மூடினப்புறம் வான்னார். ஆனா அந்தப் பையனை அனுப்பமாட்டாளாம். ரெண்டு பேரா நில்லுங்கோங்கறார். எங்கப்பா தனியா நின்ன அடுப்பு. போறது. ஒருத்தன் நிக்கறச்சே ஒருத்தன் உக்காரலாம். நீங்களும் காலைத் தூக்கி வெச்சுண்டு உக்காருன்னுதானே சொன்னேள்."

ஆதிரா கட்டை அவிழ்க்க வந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். கூச்சப்பட்டார். "டாக்டர் குட்டி, கொஞ்சம் அழுக்கா இருக்கு. ரெண்டு நாளா அவுக்கவே இல்லை. முன்னெல்லாம் எவ்வளவு சுத்தமா கொண்டுவருவேன், ஓர்மை உண்டோ? இன்னிக்குச் சேறும் பட்டு இப்படி வந்துட்டேன்."

ஆதிரா அவிழ்த்து, அடுக்கு அடுக்காக எனாமல் தட்டில் வைத்தாள். வெளியே வெயிலும் மழைச்சேறும் பட்ட பழுப்பு. உள்ளே போகப்போக மஞ்சளும் பச்சையும். கடைசித் துணியில் நெய் முழுவதும் உருகி நூலோடு நூலாக இறங்கியிருந்தது. நடுவில், அரிசி அளவுகூட இல்லாத ஒரு ஈரப் பொட்டு.

அவள் அதை வாளியில் போடக் கையை நீட்டவில்லை. தட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.